பிளோவ்டிவ் கல்லறையும் ராகோவ்ஸ்கி ஊரும்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக பல்கேரியா போயிருந்தேன். போப்பின் தலைமையை ஏற்காத ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நாடு என்றுதான் நினைத்திருந்தேன். பிளோவ்டிவ் நகரில் புனித லூயி பேராலயம் என்று பெரிய கத்தோலிக்கக் கோவில் இருக்கிறது. உள்ளே அந்நாட்டு அரசரின் மனைவியுடைய கல்லறை! தலைநகர் சோஃபியாவில், ஆர்த்தடாக்ஸ் கோவில் மாதிரியே ஐகான்கள் (புனிதர் ஓவியங்கள்) நிறைந்த ஒரு கோவிலுக்குள் போனால் அதுவும் கத்தோலிக்கக் கோவிலாம். எப்படித்தான் அடையாளம் காண்பது? அங்குள்ள கத்தோலிக்கர்கள் வெளியிலிருந்து வந்தவர்களா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கல்லறைக்கு உரியவர் பார்மா இளவரசி மரி லூயி. அவரை மணந்த ஃபெர்டினாண்ட், ஆர்த்தடாக்ஸ் நாட்டை ஆள வந்த கத்தோலிக்கர். பிள்ளைகள் கத்தோலிக்கராக வளரவேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் 1893இல் பெண் கொடுத்தார்கள். அதற்காக அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். மறு வருஷம் பிறந்த போரிஸுக்குக் கத்தோலிக்க முறையில் ஞானஸ்நானமும் நடந்தது.

ஆனால் ஃபெர்டினாண்டுக்குத் தன் ஆட்சிக்கு ஆர்த்தடாக்ஸ் ரஷ்யாவின் அங்கீகாரம் வேண்டியிருந்தது. 1896இல் இரண்டு வயதுப் பையனை ஆர்த்தடாக்ஸ் சபைக்கு மாற்றினார். ஞானத்தகப்பன் யார் தெரியுமா? ரஷ்யச் சக்ரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸ்! நேரில் வரவில்லை, பிரதிநிதியை அனுப்பினார். அங்கீகாரம் கிடைத்தது. பாப்பரசர் 13ஆம் லியோ ஃபெர்டினாண்டைச் சபைநீக்கம் செய்தார். எனக்கு இதில் பக்தி எதுவும் தெரியவில்லை, பேரம்தான் தெரிகிறது. மரி லூயி 1899 ஜனவரியில், கடைசிப் பெண்குழந்தை பிறந்த மறுநாள், 29 வயதில் இறந்துபோனார். மகன் ஒரு சபை, தாய் ஒரு சபை.

அந்தப் பையன் அரசரானபின் அதே கதை திரும்பவும் நடந்தது. 1930இல் இத்தாலிய இளவரசி ஜொவான்னாவை அசிசியில் கத்தோலிக்க முறையில் மணந்துவிட்டு, சோஃபியாவுக்கு வந்து அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயத்தில் ஆர்த்தடாக்ஸ் சடங்கும் செய்துகொண்டார். பிள்ளைகளும் ஆர்த்தடாக்ஸ். வத்திக்கானுக்கும் அரண்மனைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட போப்பின் பிரதிநிதி ரொன்காலி, பின்னாளில் 23ஆம் யோவான் என்ற பெயரில் பாப்பரசரானார்.

சரி, சோஃபியா கோவிலுக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆர்த்தடாக்ஸ் பல்கேரியர்களுக்குக் கிரேக்க ஆயர்கள்தான் தலைமை. அது பிடிக்காத ஒரு சிறு கூட்டம் 1860இல் ரோமுடன் சேர்ந்தது. வழிபாட்டை மாற்றிக்கொள்ளவில்லை, தலைமையைத்தான் மாற்றிக்கொண்டது. கேரளத்து சீரோ மலபார் சபையும் ரோமுடன் சேர்ந்திருந்தபடியே தன் கீழைத்தேய வழிபாட்டை வைத்திருக்கிறது அல்லவா, அதுபோல. ஆக, பீடத்தை மறைத்து நிற்கும் ஐகான் தடுப்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பூசையில் போப்பின் பெயரைச் சொல்லி வேண்டுகிறார்களா என்று பார்க்கவேண்டும். லத்தீன் முறைக் கோவிலை அறிவது சுலபம்: வரிசையாகப் பெஞ்சுகள், சுரூபங்கள். ஆர்த்தடாக்ஸ் கோவிலில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பூசை காண்பார்கள். முதியவர்களுக்குச் சுவரோரம் சில மர இருக்கைகள் இருக்கும். மெழுகுவர்த்தி ஏற்றுவதிலும் ஒரு முறை உண்டு. மேலே ஏற்றினால் உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழே மணல் தட்டில் ஏற்றினால் இறந்தவர்களுக்கு. தெரியாமல் இடம் மாற்றி ஏற்றினால் பக்கத்தில் நிற்கும் பாட்டி சும்மா விடமாட்டார்.

வெளியிலிருந்து வந்தவர்களா என்றால், அரண்மனைக் கத்தோலிக்கர்கள் அப்படித்தான். ஊர்க் கத்தோலிக்கர்கள் இல்லை. நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள், ஆனால் மண்ணின் விவசாயிகள். பவுலிசியர் என்ற பழைய பிரிவினரின் சந்ததிகள் பலர். ரோமும், ஆர்த்தடாக்ஸ் தலைமையிடமான கான்ஸ்டான்டிநோபிளும் மதவிரோதிகள் என்று ஒதுக்கிய கூட்டம் அது. 17ஆம் நூற்றாண்டில் பெருமளவில் கத்தோலிக்கரானார்கள். டான்யூப் கரையிலுள்ள பெலெனே இப்படிப்பட்ட ஊர். அங்கே பிறந்த ஆயர் எவ்கெனி போசில்கோவை வத்திக்கானின் உளவாளி என்று குற்றம்சாட்டி, 1952 நவம்பர் 11 இரவு கம்யூனிஸ்ட் அரசு சுட்டுக்கொன்றது. கூடவே மூன்று குருக்களையும். அதில் ஒருவர், காமென் விச்செவ், நீங்கள் சோஃபியாவில் பார்த்த அந்தக் கீழைத்தேய முறையைச் சேர்ந்தவர்.

அடுத்தமுறை போனால் பிளோவ்டிவுக்குப் பக்கத்தில் ராகோவ்ஸ்கிக்குப் போய்வாருங்கள். மூன்று கத்தோலிக்கக் கிராமங்களைச் சேர்த்து 1966இல் உருவான ஊர். 2019இல் போப் பிரான்சிஸ் வந்து 245 குழந்தைகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்தது அங்கேதான்.