குடும்ப நாவல் அடுக்கை முடித்த அக்காவுக்கு அடுத்தது என்ன?

கல்முனை வாசிகசாலையில் புத்தகம் இரவல் கொடுக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: எல்லாக் குடும்ப நாவலும் முடித்த ஒரு அக்கா, புதிதாகக் கொடுத்ததையும் வாசிக்காமலே திருப்பித் தாறா, இனி என்ன கொடுப்பது? முதலில் நீங்கள் அவவிடம் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். “எந்த மாதிரிப் புத்தகம் வேணும்?” என்றால் “ஏதாவது தாங்க” என்றுதான் பதில் வரும். “கடைசியா எதைக் கீழ வைக்க மனமில்லாம வாசிச்சீங்க, ஏன்?” என்று கேளுங்கள்.

புதிதாகக் கொடுத்ததையும் வாசிக்காமலே திருப்பித் தாறா என்றால், அவவுக்குப் பிடித்தது குடும்பக் கதையாகவே இல்லாமல் இருக்கலாம். நூலகங்கள் புத்தகங்களை வகை பிரிக்கும் டூயி எண் 894.8113 தமிழ்ப் புனைகதை என்று சொல்லும். கதை ஓடுமா, ஆறுதலாக நடக்குமா என்று சொல்லாது. அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு புத்தகத்துக்குள் வாசகர் நுழைய நாலு வாசல் என்பார்: கதை, பாத்திரம், களம், மொழி. அக்காவின் பதிலில் “அடுத்து என்ன நடக்குமோ” என்று வந்தால் துப்பறியும் கதை கொடுத்துப் பாருங்கள். “அந்தப் பொம்பிளை பாவம்” என்றால் தன்வரலாறுகூடப் பிடிக்கலாம். “நம்மட ஊர் மாதிரி” என்றால் மட்டக்களப்பு, அம்பாறை எழுத்தாளர்களின் சிறுகதைகள்.

இரண்டு மூன்றாகக் காட்டுங்கள், அதில் ஒன்று மெல்லியதாக இருக்கட்டும். பிடிக்காவிட்டால் பாதியிலேயே தரலாம் என்றும் சொல்லிவிடுங்கள். (வெட்கத்தில் வராமல் நிற்பவர்கள் உண்டு.)

நம்மூர்ப் பழைய பதிப்புகளை ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் (noolaham.org) தேடலாம். ஆனால் அவை ஸ்கேன் பக்கங்கள், சின்னப் போனில் கண் உளையும். இன்னொன்று, அவ இரவல் எடுத்த பட்டியலை மற்றவர் முன்னால் வாசிக்காதீர்கள்.