நாய்க்கு ரத்தம் ஏற்ற குரூப் பார்க்க வேண்டுமா?

கேள்வி: 12 கிலோ எடையுள்ள என் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல். பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 12 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. "முதல் தடவைதானே, குரூப் பார்க்காமலே ஏற்றலாம், பெரிய நாய் ஒன்றைக் கூட்டி வாருங்கள்" என்கிறார்கள். சரியா? எவ்வளவு ரத்தம் தேவைப்படும்?
– வாசகர், திருப்பூர்

பதில்: அவசரத்துக்கு ஏற்றலாம். நாய்களின் முக்கிய ரத்தப் பிரிவான டிஇஏ 1-க்கு எதிரான எதிர்ப்புப் பொருள், நம் ஏ, பி பிரிவுகளுக்கு இருப்பதுபோல இயல்பாகவே உடம்பில் இருப்பதில்லை. அதனால் முதல் தடவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் டிஇஏ 1 இல்லாத (நெகட்டிவ்) நாய்க்கு அது உள்ள (பாசிட்டிவ்) ரத்தம் ஏறினால் எதிர்ப்புப் பொருள் உருவாகி, ஏற்றிய செல்களை ஓரிரு வாரத்தில் அழித்துவிடும். மறுபடி பாசிட்டிவ் ரத்தமே ஏறினால் உயிருக்கு உலைதான். குரூப் பார்க்கும் சோதனை அட்டைக்குச் சில சொட்டு ரத்தமும் சில நிமிடமும் போதும். கிடைத்தால் பார்த்துவிடுங்கள். உண்ணி பரப்பும் பபேசியா கிருமித் தொற்றில் செல்கள் தானாகவே திரண்டு, நெகட்டிவ் நாயும் பாசிட்டிவ் போலத் தெரியலாம். முதலில் ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தத்தோடு சலைன் கலந்து, திரள்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிலோவுக்கு 2 மி.லி. முழு ரத்தம் ஏற்றினால் பிசிவி சுமார் 1 சதவீதம் உயரும். 22-க்குக் கொண்டுவர 240 மி.லி. வேண்டும். 350 மி.லி. பையில் 49 மி.லி. உறைதடுப்பு மருந்து இருக்கும். பாதிப் பை மட்டும் எடுத்தால் அந்த மருந்து மிகையாகிவிடும், எனவே பையை நிரப்பியே எடுப்பது நல்லது. 25 கிலோ நாய் அதைத் தாராளமாகக் கொடுக்கும்.

நம் ஊரில் குரூப்பைவிடப் பெரிய தலைவலி, கொடை நாயிடமே ஒளிந்திருக்கும் எர்லிச்சியா, பபேசியா போன்ற உண்ணிக் காய்ச்சல் கிருமிகள்தான். ஸ்மியரில் (ரத்தத்தை ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) தெரியவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பார்ப்பது மேல். கொடை நாய் தடுப்பூசி போட்ட, 1 முதல் 8 வயதுள்ள, பிசிவி 40-க்கு மேலுள்ள, இதுவரை ரத்தம் ஏற்றிக்கொள்ளாத நாயாக இருக்கட்டும்.

முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக, 3 மி.லி. அளவுக்குத்தான் போக வேண்டும். முகவீக்கம், வாந்தி, காய்ச்சல், சிவப்புச் சிறுநீர் எது தெரிந்தாலும் நிறுத்திவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் 4 மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அதே குழாயில் ரிங்கர் லாக்டேட் வேண்டாம், அதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைத்துவிடும். சலைன் மட்டும் போதும்.

கேள்வி: என் நாய்க்கு ரத்தம் ஏற்றிய பத்து நாளில் பிசிவி மறுபடி குறைந்துவிட்டது. பழைய கொடை நாயிடமே ரத்தம் எடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கிராஸ்மேட்ச் (இரு நாய்களின் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கலந்து பார்க்கும் சோதனை) பார்க்காமல் கூடாது. முதல் தடவை ஏற்றி 4 நாள் தாண்டிவிட்டாலே, அதே கொடை நாய், அதே குரூப் என்றாலும் பார்த்தாக வேண்டும். டிஇஏ 1 தவிர வேறு பிரிவுகளும் உண்டு, அட்டை அவற்றைக் காட்டாது.