ஒரே படை, ஒரே எதிரி, வேறு வேறு இழப்பு: விளையாட்டு சொல்லாத கணக்கைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: கொக்குவிலில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஒன்லைன் போர் வியூக விளையாட்டு விளையாடுகிறோம். கிராமம் கட்டி, படை சேர்த்து, பக்கத்துக் கிராமங்களைப் பிடிக்கிற வகை. ஒரே மாதிரி எதிரிக்கு ஒரே 100 பேரை அனுப்பினாலும் ஒருக்கா 25 பேர் சாகிறார்கள், இன்னொருக்கா 50 பேருக்கு மேல். இரண்டு 10 சதவீத போனஸ் சேர்ந்தால் மொத்தம் எவ்வளவு என்றும் விளங்கவில்லை. உதவிப் பக்கத்தில் ஒன்றுமில்லை. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?

பதில்: கனக்கப் பேர் எடுத்தவுடன் தரவு சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். வட்ஸ்அப் குறூப்பில் ஸ்கிரீன்சொட்டுகளைக் குவித்துவிட்டு, அதற்குள் சூத்திரம் தேடுகிறார்கள். அநேகமாக ஒன்றும் அகப்படாது. முதலில் ஒரு கொப்பியில், "இப்படி இருக்கலாம், அல்லது அப்படி இருக்கலாம்" என்று இரண்டு மூன்று சூத்திரங்களை எழுதுங்கள். எந்த இடத்தில் அவை வெவ்வேறு விடை தரும் என்று கணக்குப் பாருங்கள். சோதனையை அந்த இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

உங்கள் போனஸ் கேள்வி இதற்கு நல்ல உதாரணம். இரண்டு 10 சதவீதமும் கூட்டப்பட்டால் 1.20 மடங்கு. ஒன்றின் மேல் ஒன்று பெருக்கப்பட்டால் 1.21 மடங்கு. மணிக்கு 30 மரம் தரும் இடத்தில் பார்த்தால் 36, 36.3. திரையில் இரண்டுமே 36 தான். மணிக்கு 2400 தரும் இடத்திலோ 2880, 2904 என்று தெளிவாகப் பிரிந்துவிடும். உங்களிடம் அவ்வளவு பெரிய கிராமம் இல்லாவிட்டால் கூட்டணியில் இருப்பவரிடம் கேளுங்கள். சின்ன எண்ணில் எத்தனை தரம் பார்த்தாலும் விடை வராது.

மட்டந்தட்டலும் (தசமத்தைக் கிட்டிய முழு எண்ணாக்குவது) இதே போன்ற தொல்லைதான். உங்களுடையது போலவே கிராமம் கட்டிப் பிடிக்கும் ட்ரைபல் வோர்ஸ் என்ற விளையாட்டில் வளச் சுரங்கம் லெவல் 1 இலிருந்து மணிக்கு 30, 35, 41, 47, 55, 64 என்று போகிறது. 35 ஐ 30 ஆல் வகுத்தால் 1.167, 47 ஐ 41 ஆல் வகுத்தால் 1.146. சூத்திரமே இல்லைப் போலத் தோன்றும். லெவல் 30 இல் 2400. அதை 30 ஆல் வகுத்து 29 ஆம் மூலம் எடுங்கள்: 1.1631. அந்த எண்ணால் பெருக்கிக்கொண்டு போனால் அட்டவணை முழுவதும் சரியாக விழும். அடுத்தடுத்த லெவல்களை ஒப்பிடாமல் தொலைவில் உள்ள இரண்டை எடுப்பதற்குக் காரணம் இதுதான். உள்ளே தசமம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு நாள் எதையும் செலவழிக்காமல் விடுங்கள். லெவல் 2 இல் உள்ளே 34.89 என்றால் 24 மணித்தியாலத்தில் 837, உள்ளேயும் 35 என்றால் 840. களஞ்சியம் நிரம்பக் கூடாது, இடையில் யாரும் வந்து கொள்ளையடிக்கவும் கூடாது.

இனி இழப்பு. இந்த வகை விளையாட்டுகளில் தாக்கும் பலத்தின் மேல் ஓர் அதிர்ஷ்டக் காரணி வைப்பது வழக்கம். ட்ரைபல் வோர்ஸில் அது −25 முதல் +25 சதவீதம் வரை, சண்டை றிப்போட்டிலேயே காட்டும். வெல்பவரின் இழப்பு வீதம் அங்கே இப்படி: தோற்றவர் பலத்தை வென்றவர் பலத்தால் வகுத்து, வரும் விடையின் 1.5 ஆம் அடுக்கு. எதிரியைவிட இரண்டு மடங்கு பலத்தோடு போனால் 35 சதவீதம் சாகும். அதிர்ஷ்டம் +25 ஆனால் பல விகிதம் 2.5, இழப்பு 25 சதவீதம். −25 ஆனால் விகிதம் 1.5, இழப்பு 54 சதவீதம். உங்கள் 25 உம் 50 சொச்சமும் இந்த வீச்சுக்குள் பொருந்துகின்றன. ஆகவே உங்கள் விளையாட்டிலும் மறைவான அதிர்ஷ்டம் இருக்கிறது என்பதே முதலில் சோதிக்க வேண்டிய ஊகம்.

சோதனைக்கு நண்பர் ஒருவரை எதிரியாக வையுங்கள். இருவரும் ஒரே வகைப் போர்வீரரை, அதுவும் மலிவானவரை, வையுங்கள். பல விகிதம் 2 இல் 15 சண்டை, விகிதம் 4 இல் 15 சண்டை. ஒவ்வொரு தொகுதியிலும் இழப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் உள்ள 8 ஆவதை எடுங்கள். சராசரி எடுக்க வேண்டாம்: கெட்ட அதிர்ஷ்டம் இழப்பைக் கூட்டும் அளவுக்கு நல்ல அதிர்ஷ்டம் குறைப்பதில்லை (35 இலிருந்து 54 க்கு ஏறுகிறது, 25 க்குத்தான் இறங்குகிறது), அதனால் சராசரி மேலே இழுபடும். நடு எண் அதிர்ஷ்டம் பூச்சியமாக இருந்தால் வரும் இழப்பைக் கிட்டத்தட்டக் காட்டும். அது 50, 25 என்று வந்தால் அடுக்கு 1. 35, 12.5 என்றால் 1.5. 25, 6 என்றால் 2. ஆகக் கூடிய, ஆகக் குறைந்த இழப்புகள் அதிர்ஷ்டத்தின் எல்லையைச் சொல்லும்.

இங்கே பிழைக்கிற இடங்கள் சில. பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் 3.5 பேர் சாக முடியாது, 3 அல்லது 4 தான் வரும். 100 க்குக் குறையாமல் அனுப்புங்கள். சுவர் லெவலை ஒவ்வொரு சண்டைக்கு முன்னும் பாருங்கள், முந்திய சண்டையில் உடைந்திருக்கலாம். பெரிய ஆள் சின்ன ஆளை அடித்தால் பலம் குறைக்கும் மன உறுதி விதி, இரவில் காப்பவரின் பலத்தைக் கூட்டும் இரவு விதி, கூட்டணிக்காரர் அனுப்பிய துணைப்படை, எல்லாமே அதிர்ஷ்டம் போலவே தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பயண நேரத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை. 3 கட்டம் வலது, 4 கட்டம் கீழே உள்ள கிராமம் ஒன்றைத் தேடுங்கள். பைதகரஸ் முறை என்றால் தூரம் 5, கட்டம் கட்டமாக எண்ணினால் 7, மூலைவிட்டமும் ஒரு கட்டம் என்றால் 4. ஒரு கட்டத்துக்கு 10 நிமிடம் போகும் குதிரைப்படைக்கு 50, 70, 40 நிமிடம். அனுப்பவும் தேவையில்லை, அனுப்பும் திரையிலேயே நேரம் தெரியும். ஆனால் ஒரு தூரத்தோடு நிறுத்தாதீர்கள். ஓகேம் என்ற விண்வெளிப் போர் விளையாட்டில் ஒரே சூரிய மண்டலத்துக்குள் அடுத்த இடத்துக்குத் தூரம் 1005, பத்து இடம் தள்ளி 1050. அங்கே மட்டும் சோதித்தவர் தூரம் ஒரு பொருட்டே இல்லை என்று நினைப்பார். பக்கத்து மண்டலம் 2795. அதோடு நேரம் தூரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும், நாலு மடங்கு தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம்.

"சில வேளை இரட்டை அடி விழும்" மாதிரியான வாய்ப்புகளுக்குத்தான் பொறுமை வேண்டும். 100 இல் 10 தரம் விழுந்தால் உண்மை வாய்ப்பு 4 முதல் 16 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். 400 இல் 40 என்றால் 7 முதல் 13. பிழையைப் பாதியாக்க நாலு மடங்கு தரவு வேண்டும். 100 தரத்தில் ஒன்றும் விழாவிட்டாலும் 3 சதவீதம் வரை இடமுண்டு. நீங்கள் நாலு பேரும் எண்ணிக்கையைப் பங்கு போட்டுச் செய்யலாம். எத்தனையாவது அடியில் விழுந்தது என்பதையும் எழுதுங்கள்: வோர்கிராஃப்ட் 3 என்ற போர் விளையாட்டில் ஒவ்வொரு தரம் தவறும்போதும் அடுத்த வாய்ப்பு கூடும், 25 சதவீதம் என்று சொல்வது முதல் அடியில் 8.5 சதவீதம்தான்.

நேரத்தில் கவனம். சேர்வர் ஜேர்மனி நேரத்தில் ஓடினால் அங்கே நள்ளிரவு எங்களுக்குக் கோடையில் அதிகாலை 3:30, குளிர்காலத்தில் 4:30. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்ரோபர் கடைசி ஞாயிறும் இது மாறும். இரவு விதியோ தினசரி வெகுமதியோ "திடீரென மாறிவிட்டது" என்று தோன்றினால் முதலில் திகதியைப் பாருங்கள். கொப்பியில் எப்போதும் சேர்வர் நேரத்தையே எழுதுங்கள், பக்கத்தில் விளையாட்டின் பதிப்பு இலக்கத்தையும். அப்டேற் வந்தால் பழைய வரிசையோடு புதியதைச் சேர்க்காமல் கோடு போட்டுப் பிரியுங்கள்.

தொடங்க முன் விதிமுறையை வாசியுங்கள். ஒரே வீட்டு வைஃபையில் இரண்டு கணக்கு ஒன்றையொன்று தாக்குவதையும், தானாகத் தரவு எடுக்கும் ஸ்கிரிப்டையும் இவ்வகை விளையாட்டுகள் பல தடைசெய்கின்றன. சோதனைக்காக என்று சொன்னாலும் கணக்கு போய்விடும். வேறு வேறு வீட்டில் இருக்கும் இருவர் மோதுங்கள், எண்களைக் கையால் எழுதுங்கள். இன்றைக்கே போனஸ் கேள்வியை முடியுங்கள், அதற்கு ஒரு பெரிய சுரங்கத்தைத் திறந்து பார்த்தால் போதும். விகிதம் 2 இல் 15 சண்டையைச் சனி, ஞாயிறில் வையுங்கள்.