ஆய்வகத்து விழாவில் காமிரா: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளராகப் பணிபுரிகிறேன். நல்ல காமிரா வைத்திருப்பதால் அறிவியல் நாள், ஆண்டு விழா, குடும்பச் சுற்றுலா என்று எல்லாவற்றையும் படமெடுக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். திருமணங்களில் படமெடுத்த பழக்கம் உண்டு. ஆய்வகத்தில் தனியாக எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மேடை, மாலை, பொன்னாடை ஆகியவற்றுக்குத் திருமண அனுபவமே போதும். சிக்கல் வருவது, விருந்தினரை ஆய்வகத்துக்குள் அழைத்துச் சென்று காட்டும்போதுதான். ராமன் விளைவு 1928இல் கண்டறியப்பட்டதன் நினைவாகக் கொண்டாடப்படும் அறிவியல் நாளான பிப்ரவரி 28 அன்று பல நிறுவனங்கள் பள்ளி மாணவர்களை உள்ளே அனுமதிக்கின்றன. அந்தக் கூட்டத்தோடு நீங்களும் எல்லா அறைகளுக்கும் போக நேரும். மூலக்கூறுகளின் அமைப்பை ஆராய உதவும் என்.எம்.ஆர். கருவியின் மிக வலுவான மீக்கடத்திக் காந்தம் ஆளில்லாத நேரத்திலும் விசையோடுதான் இருக்கும் என்பதால், இரும்புப் பாகமுள்ள முக்காலியையும் ஃபிளாஷ் தாங்கியையும் அறைக்கு வெளியிலேயே வைத்துவிடுங்கள். லேசர் அறையில் உங்கள் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி தருவார்கள். காமிராவின் உணரிக்கு (சென்சார்) அப்படி ஒன்றும் இல்லை, ஒளிக்கற்றை ஒரு கணம் நேராகப் பட்டாலே அதில் நிரந்தரப் புள்ளிகளும் கோடுகளும் விழக்கூடும். மின்னணுச் சில்லுகள் (சிப்) செய்யும் அறையில் மஞ்சள் விளக்கு எரிவது அழகுக்காக அன்று. அங்கே பூசப்படும் வேதிப்பொருள் நீல ஒளியிலும் புறஊதாக் கதிரிலும் மாறிவிடும். ஃபிளாஷ் ஒருமுறை மின்னினால் யாரோ ஒரு மாணவரின் பல நாள் உழைப்பு கெடலாம்.

அடுத்தது, பின்னணி. வெண்பலகையில் எழுதிய சமன்பாடு, திறந்து கிடக்கும் குறிப்பேடு, கணினித் திரை ஆகியவை படத்தில் தெளிவாகப் பதிந்து பொதுவெளிக்குப் போய்விட்டால், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பு வெளியாகிவிட்டது என்ற சிக்கல் எழ இடமுண்டு. ஆகவே எந்தப் படத்தையும் வெளியிடுவதற்கு முன் அந்த அறையின் பொறுப்பாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். காப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிக்கும் அமைச்சரின் படம் நாளிதழுக்கு நன்றாக இருக்கும். பாதுகாப்பு அலுவலர் அதற்காக உங்களைத்தான் கேட்பார்.

கேள்வி: பத்தாண்டுகளாக எடுத்த அலுவலக விழாப் படங்கள் வன்தட்டில் கிடக்கின்றன. இவற்றை யார் பார்க்கப் போகிறார்கள்? அழித்துவிடலாமா?
- வாசகி, பெங்களூரு

பதில்: அழிக்காதீர்கள். ஜெனீவாவில் உள்ள செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் 1992 ஜூலை 18 அன்று நடந்த ஊழியர் இசை விழாவில், அங்கே பணியாற்றிய சில்வானோ டி ஜென்னாரோ என்பவர், நான்கு பெண்கள் கொண்ட ஒரு வேடிக்கைப் பாட்டுக் குழுவை மேடைக்குப் பின்னால் நிறுத்திப் படமெடுத்தார். வைய விரிவு வலையில் முதன்முதலில் ஏறிய படங்களுள் ஒன்றாக இன்று பேசப்படுவது அதுதான். மாபெரும் துகள்முடுக்கிகளைக் கட்டிய இடத்தில் எடுக்கப்பட்ட ஒரு விழாப் படத்துக்கு இந்தப் பெருமை வாய்த்தது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அதே செர்னில் 1955 முதல் 1985 வரை எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களைக் கணினியில் ஏற்றியபோது, பலவற்றில் இருப்பவர் யார், கருவி எது என்றே தெரியாமல், ஓய்வுபெற்றவர்களையும் பொதுமக்களையும் கேட்க வேண்டியிருந்தது. உங்கள் படங்களுக்கும் அந்த நிலை வராமலிருக்க, நிகழ்ச்சியின் பெயர், நாள், இடம், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர் ஆகியவற்றைக் கோப்பின் விவரப் பகுதியிலேயே எழுதிவிடுங்கள். இயக்குநரின் பெயரை யாரும் மறக்கப் போவதில்லை. கண்ணாடிக் குடுவை ஊதித் தருபவர், பட்டறை மெக்கானிக், ஓட்டுநர், கேன்டீன் பணியாளர் ஆகியோரின் பெயர்களைத்தான் அன்றைக்கே கேட்டு எழுத வேண்டும். பிரிவு உபசார விழாவில் ஓய்வுபெறுபவரை மாலையோடு மட்டும் எடுக்காமல், முந்தைய வாரமே அவர் இத்தனை ஆண்டுகள் நின்று வேலை செய்த மேசையருகே நிறுத்தி ஒரு படம் எடுத்துவையுங்கள்.

கேள்வி: சுற்றுலாவில் எடுக்கும் குழுப்படத்தில் எப்போதும் பாதிப் பேர் கண்ணைச் சுருக்குகிறார்கள். சிலர் படமே வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், திருச்சி

பதில்: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளிப்போடாமல், பேருந்தை விட்டு இறங்கியவுடன் குழுப்படத்தை எடுத்துவிடுங்கள். வெயிலை நோக்கி நிறுத்தாமல் கட்டட நிழலில் படிக்கட்டுகளில் நிறுத்தி, அகல்கோண லென்ஸைத் தவிர்த்து, நீங்கள் பின்னால் தள்ளி நின்று, லென்ஸின் துளையை எஃப் 8 அளவில் வைத்து, அடுத்தடுத்து ஏழெட்டுப் படங்கள் எடுங்கள். ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபடாது. யாராவது கண் மூடியிருந்தாலும் வேறொரு படம் கைகொடுக்கும்.

வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். அவர் குழுப்படத்தின்போது பைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைகளின் படங்களைப் பெற்றோரிடம் கேட்ட பிறகே நிறுவனத்தின் பக்கத்தில் போடுங்கள். நீச்சல் குளத்திலும் அருவியிலும் எடுத்தவற்றை அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு, அலுவலக வாட்ஸ்அப் குழுவுக்கு வேறு படங்களைத் தேர்ந்தெடுங்கள்.