ஹைலக்ஸ் மேடேறத் திணறுகிறது: கூம்பு ஃபில்டர் போடலாமா?

கேள்வி: பினாங்கு பாலிக் பூலாவிலிருந்து டுரியான் ஏற்றுகிறேன். வண்டி 2017 ஹைலக்ஸ் 2.4 டீசல், ஆட்டோ கியர். அரை டன் ஏற்றிக்கொண்டு துன் சார்டோன் சாலை மேட்டில் ஏறும்போது இழுக்கவே மாட்டேன் என்கிறது. ஏர் பாக்ஸை (ஏர் ஃபில்டர் உட்காரும் பெட்டி) தூக்கிவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டால் 15 குதிரைச் சக்தி கூடும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். காசும் போகும், வண்டி இன்னும் மந்தமாகவும் ஆகலாம்.

உங்களுடையது டர்போ டீசல்; காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது டர்போ. எவ்வளவு காற்றழுத்தம், எவ்வளவு டீசல் என்பதை இசியூ, அதாவது எஞ்சினை நடத்தும் கணினி, முடிவு செய்கிறது. ஃபில்டர் கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் டர்போவின் இறக்கைகளை இன்னும் சற்று மூடி, தனக்கு வேண்டிய அழுத்தத்தை அது எடுத்துக்கொள்ளும். ஃபில்டரைத் தாராளமாக்கியதற்காக டீசலைக் கூட்டி ஊற்றாது. டீசல் கூடாமல் சக்தி எங்கிருந்து கூடும்?

சூட்டையும் பாருங்கள். கம்பெனி ஏர் பாக்ஸ் மட்கார்டு பக்கமிருந்து வெளிக்காற்றை இழுக்கிறது. மூடியில்லாத கூம்பு ஃபில்டர் இழுப்பது பானட்டுக்குள் வெந்த காற்றை. வெளியே 33 டிகிரி, உள்ளே 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறைகிறது. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதில் ஒரு பகுதியை மீட்டுத் தரும். ஆனால் பாரத்தோடு மெதுவாக மேடேறும்போது இன்டர்கூலருக்கே காற்றோட்டம் போதாது.

ஃபில்டர்தான் கழுத்தை நெரிக்கிறதா என்று நீங்களே அளந்து பார்க்கலாம். கண்ணாடி போலத் தெரியும் 4 மி.மீ. பிளாஸ்டிக் ஹோஸ் மூன்று மீட்டர் வாங்குங்கள். ஏர் பாக்ஸ் மூடியை வண்டியிலிருந்து எடுத்து, ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்தில், ஏர் ஃப்ளோ சென்சாருக்கு (உள்ளே போகும் காற்றை அளப்பது) முன்னால், ஹோஸ் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். தூளைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். மறுமுனையை ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து யூ வடிவில் ஓர் அட்டையில் ஒட்டி, யூவின் இரண்டு பக்கக் குழாயிலும் 30 செ.மீ. உயரம் வரும்படி சாயத் தண்ணீர் ஊற்றுங்கள். பானட் மூடும்போது ஹோஸ் நசுங்கக் கூடாது. மேட்டில் முழு மிதி மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இரண்டு மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படிக்கட்டும். 10 செ.மீ. என்றால் சுமார் ஒரு கிலோபாஸ்கல், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஒரு விழுக்காடு. 30 செ.மீ. தாண்டினால் புது பேப்பர் ஃபில்டர் போட்டு மறுபடி அளங்கள். அதற்குக் கீழே என்றால் ஃபில்டரை மறந்துவிடலாம். முடிந்ததும் ஓட்டையை ரப்பர் அடைப்பானால் இறுக்கமாக மூடுங்கள்; திறந்திருந்தால் தூசி நேரே டர்போவுக்குப் போகும்.

அடுத்து புகை. பாரத்தில் கறுப்புப் புகை தள்ளினால் காற்றுப் பஞ்சம். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் முதலில் டீசல் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு ஸ்கேனர் போட்டு இசியூவில் பழுதுக் குறியீடு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வயது வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே உள்ள ஹோஸ்களை. உள்ளே லேசாக எண்ணெய்ப் படலம் இருப்பது சகஜம். கிளிப் ஓரத்தில் வெளியே எண்ணெய் கசிந்து தூசி கரிய வளையமாக ஒட்டியிருந்தால் அங்கே காற்று ஒழுகுகிறது. சென்சார் எண்ணிவிட்ட காற்று வழியில் ஓடிப்போகிறது. இசியூ அதை நம்பி டீசல் கொடுக்கிறது, கறுப்புப் புகை வருகிறது. பட்டறையில் அழுத்தம் ஏற்றிச் சோதிப்பதானால் 15 பிஎஸ்ஐ போதும். டர்போ வாய் வழியாக ஏற்றும்போது எஞ்சின் மூச்சுக்குழாயை (எஞ்சினுக்குள்ளிருந்து ஆயில் ஆவி வரும் குழாய்) அடைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அழுத்தம் எஞ்சினுக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளிவிடும்.

ஏர் ஃப்ளோ சென்சாரைச் சுத்தம் செய்ய, சாவியை அணைத்து, பிளக்கையும் இரண்டு திருகையும் கழற்றி, அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை அடித்துக் காயவிடுங்கள். பிரேக் கிளீனர் வேண்டாம், கம்பியில் விரல் படவே வேண்டாம். எஞ்சினுக்குக் காற்று நுழையும் இன்டேக் த்ராட்டல் வாயையும் ஒரு முறை திறந்து பாருங்கள். இஜிஆர் (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் அமைப்பு) கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் போல அப்பி வழியைச் சுருக்கியிருக்கும். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டைக் கழற்றித்தான் கழுவ வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஸ்பிரே அடித்துக் கரைக்கும் வித்தைக்கு இடம் கொடுக்காதீர்கள். கட்டி பெயர்ந்து வால்வில் மாட்டினால் செலவு வேறு மாதிரி.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது மாற்றியே தீர வேண்டும் என்றால், அதே பாக்ஸில் உட்காரும் துணி ஃபில்டர் போடுங்கள். எண்ணெயை அளவோடு தடவி ஓர் இரவு ஊறவிட்டு மாட்டுங்கள், அதிகமானால் அது சென்சார் கம்பியில் படியும். சென்சார் உட்காரும் குழாயை மட்டும் அகலமாக்காதீர்கள். குழாய் அகலமானால் காற்றின் வேகம் குறையும், சென்சார் குறைத்துப் படிக்கும், இசியூ டீசலைக் குறைக்கும்.