சி.ஓ.சி இல்லாத வீட்டுக்கு முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி (திருகோணமலை, உவர்மலை வாசகி): வீட்டுப் படம் பாஸ் பண்ணித்தான் மேல்மாடி வீடு கட்டினோம். பின்பக்கம் ஒரு சின்ன அறை மட்டும் இடையில் சேர்த்தது. வங்கி இப்போது, படத்தின்படியே வீடு கட்டியிருக்கிறது என்று உள்ளூராட்சி சபை தரும் அமைவுச் சான்றிதழ், அதுதான் சி.ஓ.சி, கேட்கிறது. கட்டாரில் இருக்கும் மகன், எல்லாவற்றையும் ஒன்லைனில் போடலாம், கந்தோருக்கு அலையத் தேவையில்லை என்கிறான். தெரிந்த ஒருவர், தானே இணையத்தில் போட்டுச் சான்றிதழ் எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். அதற்கு முன் மகன் சொன்னதைப் பார்ப்போம். இணையத்தால் குறைவது கருமபீடத்தில் நிற்கும் நேரம்தான். விண்ணப்பத்தை எப்படி அனுப்பினாலும் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வீட்டுக்கு வருவார், அங்கீகரித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாடா பிடித்து அளப்பார். படமும் கட்டடமும் ஒத்துப்போனால்தான் சான்றிதழ்.

ஆகவே அந்தச் சின்ன அறையை முதலில் கவனியுங்கள். அது படத்தில் இல்லை. இப்படியே விண்ணப்பித்தால் கட்டணமும் போய், கோப்பும் குறையோடு திரும்பி வரும். படம் வரைஞரை அழைத்து, இப்போது நிற்கிறபடியே வீட்டை அளந்து திருத்தப் படம் கீறச் சொல்லுங்கள். அதைச் சபையில் கொடுத்து அங்கீகாரம் வாங்கிவிட்டு, அதன் பிறகு சி.ஓ.சிக்குப் போங்கள். அறை, பின்புறத்தில் விட வேண்டிய வெற்றிடத்தைத் தின்றிருந்தால் திருத்தப் படமும் பாஸ் ஆகாது, இடிக்கத்தான் சொல்வார்கள். அதனால் படம் கீறும் செலவுக்கு முன்பே, அளவுகளோடு ஒரு தடவை தொழில்நுட்ப உத்தியோகத்தரை நேரில் பார்த்துக் கேளுங்கள். இந்த ஓர் அலைச்சல் மட்டும் வேண்டியதுதான்.

மலசலகூடக் குழியையும் மறக்க வேண்டாம். நம்மூரில் பல இடங்களில் மணல் நிலம், கிணற்று நீரும் மேலேயே நிற்கும். உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் குழி எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். மேசன் வசதிக்காகக் குழியை இடம் மாற்றி வெட்டியிருந்தால் அதுவும் படத்தில் வர வேண்டும்.

ஆவணங்கள் என்று பார்த்தால் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம், அங்கீகரித்த படம், காணி உறுதி, நில அளவைப் படம், சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்து வையுங்கள். அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருக்கும் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டிவரும். வீட்டுப் படத்தைக் கைபேசியில் பிடித்து அனுப்புவதுதான் பலர் விடுகிற பிழை. நிழல் விழுந்து, சபையின் முத்திரையும் அளவுகளும் வாசிக்க முடியாமல் போகும். பெரிய தாளை முழுதாக ஸ்கேன் பண்ணும் கடையில் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே நிரப்பலாம். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, அது உங்கள் உரிமை.

இனி அந்தத் தெரிந்த ஆள். சான்றிதழை வாங்கித் தருகிறேன் என்று வெளியாள் யாரும் உறுதி சொல்ல முடியாது. அதைவிட, அவர் தன் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் போட்டுப் பதிந்துவிட்டால், சபை கேட்கும் விளக்கம் எல்லாம் அவருக்குத்தான் போகும். குறை எழுதி வந்ததுகூட உங்களுக்குத் தெரியாது. கணினியில் உதவி வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள், ஆனால் இலக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். சபையின் பெயரில் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

கோப்பு அசையாமல் கிடந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்ப இலக்கத்தைக் குறிப்பிட்டு, கோப்பு யாரிடம், எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டியது தகவல் அலுவலரின் கடமை.

கேள்வி (அன்புவழிபுரம் வாசகர்): உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட ஒரு வீடு பார்த்தேன். விலை நல்ல மலிவு. சி.ஓ.சி இல்லை, 'உறுதி முடித்த பிறகு ஒன்லைனில் போட்டு எடுக்கலாம் தம்பி' என்கிறார் உரிமையாளர். முற்பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவ்வளவு இலேசு என்றால் அவரே எடுத்துவிட்டு விற்கலாமே! சான்றிதழ் இல்லாத வீட்டை வாங்கினால், படத்தை மீறிக் கட்டிய குறையும் உங்கள் தலையில் வரும். நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 28அ பிரிவின்படி, அனுமதிக்கு மாறான கட்டுமானத்தை நிறுத்தவோ இடிக்கவோ அறிவித்தல் கொடுக்கலாம். கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றம் வரை போகும். குடிபுகுவதும் சிக்கல்தான். 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமே, சான்றிதழ் கிடைக்கும்வரை புதிய கட்டடத்தில் காவலாளியைத் தவிர வேறு எவரும் குடியிருக்கக் கூடாது என்கிறது.

கடற்கரை என்பதால் உங்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சராசரி உயர்நீர் மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி அதற்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். அந்தக் கடிதத்தையும் உரிமையாளரிடம் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் விலை ஏன் மலிவு என்று விளங்கும்.

வீடு மனதுக்குப் பிடித்துவிட்டது, விட மனமில்லை என்றால், சான்றிதழ் எடுக்க வேண்டியது விற்பவரின் பொறுப்பு, குறித்த திகதிக்குள் கிடைக்காவிட்டால் முற்பணம் முழுவதும் திரும்ப வரும் என்று நொத்தாரிசு முன்னால் ஒப்பந்தம் எழுதுங்கள். வாய்ப்பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி (நிலாவெளி வாசகர்): வீட்டுக்குச் சி.ஓ.சி எடுத்தாயிற்று. மேல்மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறைகளாக விடலாமா?

பதில்: அந்தச் சான்றிதழை வைத்து முடியாது. அது வசிப்பிடத்துக்குக் கொடுத்தது. பயன்பாட்டை மாற்றுவதற்கும் சபையின் அனுமதி தேவை. வாகனத் தரிப்பிடமும் கழிவுநீர் ஏற்பாடும் திரும்பப் பார்க்கப்படும். அறைகளுக்குக் கட்டில் வாங்குமுன் அந்த அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.