கைது தவறுதான், ஆனால் நஷ்டஈடு?

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பழைய முதலாளி திருட்டுப் புகார் கொடுத்தார். "நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன்" என்று இவர் போனில் சொல்லியும், போலீஸ் விடியற்காலையில் வந்து பிள்ளைகள் முன்னால் கைது செய்து, ஒன்பது மணி நேரம் அடைத்துவைத்து, வழக்கில்லை என்று விட்டுவிட்டது. இவர் தவறான கைதுக்கு நஷ்டஈடு கேட்க, இப்போது போலீஸ் தரப்பு 4,000 பவுண்டுக்கு 'பார்ட் 36' ஆஃபர் (வழக்கை முடித்துக்கொள்ள முறைப்படி தரும் சமரச ஆஃபர்) அனுப்பியிருக்கிறது. மறுத்துவிடலாமா என்கிறார்.

நீங்கள் நிரபராதி என்பது இந்த நஷ்டஈட்டு வழக்கில் பெரிதாக எடுபடாது. நியாயமான சந்தேகம் அன்றைக்கு இருந்ததா என்றுதான் கோர்ட் பார்க்கும். புகார் ஒன்றே பெரும்பாலும் அதற்குப் போதும். முதலாளியின் பகை, அக்கம்பக்கத்தார் பார்த்த அவமானம், அதிகாரி பேசிய தொனி எல்லாவற்றையும் ஒதுக்கிவையுங்கள். உங்கள் பலம் அந்தப் போன் பேச்சு. 1984 போலீஸ் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி சந்தேகம் இருந்தால் மட்டும் போதாது, கைது அவசியமாகவும் இருக்க வேண்டும். தானே வருகிறேன் என்றவரைக் கைது செய்ய ஏன் அவசியம் வந்தது என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும்.

சரி, அப்படியே ஜெயித்தாலும்? என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இங்கேதான். டிவி பிரபலம் மைக்கேல் பேரிமோர் 2007இல் கைதானார். விவரம் தெரிந்த அதிகாரி டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ள, விவரம் தெரியாத வேறொருவர் கைது செய்தார். கைது சட்டவிரோதம் என்று போலீஸே ஒப்புக்கொண்டது. ஆனால் முறைப்படி செய்திருந்தாலும் அவர் கைதாகித்தான் இருப்பார் என்று சொல்லி, பெயரளவு நஷ்டஈடுதான் என்று 2018இல் அப்பீல் கோர்ட் தீர்த்துவிட்டது. உங்களுக்கும் அதே வாதம் வரும்: வீட்டைச் சோதனை போட வேண்டியிருந்தது, எப்படியும் கைது செய்திருப்போம் என்பார்கள்.

தொகையும் நீங்கள் நினைக்கிற அளவு வராது. தவறாக அடைத்துவைத்ததற்கு 1997 தாம்சன் வழக்குத் தீர்ப்பு, முதல் ஒரு மணி நேரத்துக்கு 500 பவுண்டு, 24 மணி நேரத்துக்குச் சுமார் 3,000 என்று வழிகாட்டியது. விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தாலும் உங்கள் ஒன்பது மணி நேரத்துக்கு 4,000 குறைவில்லை.

ஆஃபரை மறுத்து, கோர்ட் 3,900 கொடுத்தால், 21 நாள் கெடு முடிந்த பிறகான போலீஸ் வக்கீல் செலவு பொதுவாக உங்கள் தலையில் விழும். அது நஷ்டஈட்டை முழுங்கி, வீட்டுச் சேமிப்பிலும் கை வைக்கும். நஷ்டஈடு வாங்கியும் கடனோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது வேண்டாம்.

வாங்கிக்கொள்ளுங்கள். கெடு தேதியை இன்றே பாருங்கள். போலீஸ் கணினியில் உள்ள கைதுப் பதிவு, கைரேகை, டிஎன்ஏ அழிப்பையும் எழுத்தில் கேளுங்கள். வேலை தேடும்போது உங்களுக்கு அந்தக் கைதுப் பதிவுதான் முக்கியம்.